ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்



ஏழை ஊர்களில் பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து நாம் கொடுக்கும் செறிவூட்டிய இணை உணவு அந்தக் குழந்தையை உண்மையில் வளர்க்கிறதா? இன்றைய உரையின் கேள்வி இதுதான். வளர்க்கிறது என்பதே என் விடை. எந்த வயதில் கொடுக்கிறோம், அந்தச் சிறு வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது, யார் உட்கார்ந்து ஊட்டுகிறார்கள் என்ற மூன்றையும் கவனித்தால்தான் அந்த விடை நிற்கும். நம் ஊட்டச்சத்துத் திட்டங்கள் மாவைக் கவனித்த அளவுக்கு இந்த மூன்றையும் கவனிக்கவில்லை. குழந்தை மருத்துவத்தில் இத்தனை காலம் இருந்த பிறகு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

முதலில் வயது. பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஏறத்தாழ 25 செ.மீ. வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் சுமார் 12 செ.மீ. பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை முதல் பிறந்தநாளில் 9 கிலோ ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாழ்நாளில் எந்தக் கட்டத்திலும், குமரப் பருவத்தில்கூட, மனித உடல் இந்த வேகத்தில் வளர்வதில்லை. மூளையின் கதையும் இதுவே. இரண்டு வயது நிறையும்போது அது பெரியவர் மூளை எடையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. 54 நாடுகளின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏழை நாடுகளின் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தை எப்போது இழக்கிறார்கள் என்று காட்டியது. சரிவு 24 மாதம் வரை செங்குத்தாக இறங்குகிறது. பிறகு கோடு அப்படியே கிடைமட்டமாக ஓடுகிறது. இழக்க வேண்டியதையெல்லாம் குழந்தை இரண்டு வயதுக்குள் இழந்துவிடுகிறது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுக்கு வெளியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவைப்படுகிறது. 9 முதல் 11 மாதத்தில் அது 300 ஆகவும், ஒரு வயதுக்குப் பிறகு 550 ஆகவும் உயர்கிறது. வளரும் நாடுகளின் தாய்மார்களிடம் சராசரியாகச் சுரக்கும் பாலை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு இது. 200 கிலோகலோரி என்றால் பெரியவருக்கு நான்கு இட்லிகூட இல்லை. இந்தச் சிறிய அளவைத்தான் நம்மால் ஊட்ட முடியாமல் போகிறது.

காரணங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. ‘பல் முளைக்கட்டும்’ என்பார்கள். ‘முட்டை கொடுத்தால் மாந்தம் வரும், வாழைப்பழம் சளி பிடிக்கும், பருப்பு செரிக்காது’ என்பார்கள். இவற்றைச் சொல்லும் பாட்டிமார்கள் குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் செத்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. அவர்களுடைய பயம் அந்த அனுபவத்தில் பிறந்தது. அதன் விளைவாக எட்டு மாதக் குழந்தையின் கிண்ணத்தில் பருப்புத் தண்ணீரும், வடித்த கஞ்சியும், பாலில் நனைத்த பிஸ்கட்டும்தான் இருக்கின்றன. வயிறு நிறைகிறது, குழந்தை தூங்குகிறது, வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்த இடத்தில் உங்களை மத்திய அமெரிக்காவுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இணை உணவு பற்றி உலகம் அறிந்திருப்பதில் மிக உறுதியான பகுதி குவாத்தமாலாவின் நான்கு ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தது. தலைநகர் குவாத்தமாலா சிட்டியில் 1949-இல் ‘இன்காப்’ என்ற ஊட்டச்சத்து நிறுவனம் தொடங்கப்பட்டது. மக்காச்சோள மாவையும் பருத்திக்கொட்டை மாவையும் கலந்து, வைட்டமின் சேர்த்து, ‘இன்காபரினா’ என்ற மலிவான மாவை 1950-களில் உருவாக்கியவர்கள் அவர்கள். 1969-இல் அந்த நிறுவனம் நாட்டின் கிழக்கே எல் புரோக்ரெசோ மாவட்டத்தில் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. கொனகாஸ்தே, சான் ஹுவான் என்ற இரண்டு ஊர்களில் ‘அத்தோலே’ என்ற சூடான கஞ்சியைக் கொடுத்தார்கள். இன்காபரினாவும் பால்பொடியும் சர்க்கரையும் சேர்ந்தது அது. ஒரு கோப்பையில் 163 கிலோகலோரியும் 11.5 கிராம் புரதமும் இருந்தன. சாந்தோ தொமிங்கோ, எஸ்பிரித்து சாந்தோ என்ற மற்ற இரண்டு ஊர்களில் ‘ஃபிரெஸ்கோ’ என்ற குளிர்ந்த இனிப்புப் பானம். அதில் 59 கிலோகலோரி, புரதம் கிடையாது. 1971-லிருந்து இரண்டு பானங்களிலும் வைட்டமின்களும் தாதுக்களும் ஒரே அளவில் சேர்க்கப்பட்டன. நான்கு ஊர்களிலும் இலவச மருத்துவ வசதி இருந்தது. ஊர் நடுவே ஒரு மையம், காலையில் ஒரு வேளை, பிற்பகலில் ஒரு வேளை. யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குடித்த அளவை மட்டும் ஒவ்வொரு நாளும் அளந்து எழுதிவைத்தார்கள். 1977 வரை இது நடந்தது.

மூன்று வயதில் அத்தோலே ஊர்களின் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் 2.5 செ.மீ. உயரமாக இருந்தார்கள். எந்த வயதில் குடித்த கஞ்சி எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. முதல் ஆண்டில் ஒரு நாளைக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு 100 கிலோகலோரிக்கும் அந்த ஆண்டில் சுமார் 9 மி.மீ. உயரம் கூடியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அதே 100 கிலோகலோரிக்கு 5 மி.மீ. மூன்று வயதுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் அதே கஞ்சியை ஆசையாகத்தான் குடித்தது. அதற்குப் பசி ஆறியது, உயரம் கூடவில்லை.

இரண்டரை செண்டிமீட்டருக்கா இவ்வளவு பாடு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஆய்வாளர்கள் கிராமங்களை விட்டுவிடவில்லை. ரெய்னால்டோ மார்த்தரெல் உள்ளிட்டோர் 1988-இல் அந்தப் பிள்ளைகளை இளைஞர்களாகவும், 2002 முதல் 2004 வரை 25 வயது தாண்டிய பெரியவர்களாகவும் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் அத்தோலே குடித்த ஆண்கள் மணிக்குச் சம்பாதித்த கூலி மற்றவர்களைவிட 46 விழுக்காடு அதிகம். பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் ஆண் பெண் இருபாலரும் முன்னே இருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் கூலியில் இந்த முன்னேற்றம் இல்லை. கஞ்சிக் கோப்பையின் பலனை அளக்க உயரக்கோல் போதாது என்பதை உலகம் இப்படித்தான் கற்றது. அதைக் கற்க முப்பது ஆண்டுகள் ஆயின.

ஒரு சிறு விலகல். அந்த ஆய்வு தொடங்கியபோது, ஏழைக் குழந்தைக்கு இல்லாதது புரதம்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்தியவர். கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்த ஓர் இனிப்பை ஹைதராபாத்தை ஒட்டிய கிராமங்களின் சிறுபிள்ளைகளுக்கு ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் 310 கிலோகலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் இருந்தன. பிள்ளைகள் எடையிலும் உயரத்திலும் கூடினார்கள். 1973-இல் வெளியான அந்த ஆய்வு, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் குறைவது சாப்பாட்டின் மொத்த அளவுதான் என்று காட்டியது. விலையுயர்ந்த புரதப் பொடிகள் இன்றும் டப்பாக்களில் விற்பனையாகின்றன. கோபாலனின் அந்தச் சில பக்கங்களை நம் மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும்.

அளவுதான் சிக்கல் என்றால் இன்னும் இரண்டு கரண்டி கஞ்சி ஊற்றினால் தீர்ந்துவிடாதா? தீராது. எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது ஏறத்தாழ 240 மி.லி. அரிசிக் கஞ்சியையோ கேழ்வரகுக் கூழையோ குழந்தை விழுங்கும் பதத்துக்கு நீர்க்க வைத்தால், ஒரு மி.லி.க்கு 0.4 கிலோகலோரி கிடைத்தால் அதிகம். இரைப்பை நிறைய ஊற்றினாலும் 100 கிலோகலோரியைத் தொடாது. தாய்ப்பாலும் குடிக்க வேண்டிய குழந்தைக்கு இப்படி ஒரு நாளைக்குப் பல முறை வயிறு நிறைக்க இயலாது. நிறைத்தால் தாய்ப்பால் குறையும். கெட்டியாக வைத்தாலோ தொண்டையில் இறங்காது.

இதற்கு நம் சமையலறையிலேயே ஒரு வழி இருக்கிறது. கேழ்வரகையோ கம்பையோ முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் அமைலேஸ் என்ற நொதி உருவாகியிருக்கும். கெட்டியாகக் கிண்டிய கூழ் சற்று ஆறிய பிறகு அதில் ஒரு சிட்டிகை முளைகட்டிய மாவைக் கலந்தால், நொதி மாவுச்சத்தை வெட்டிவிட, ஒரு துளி தண்ணீர் சேர்க்காமலேயே கூழ் இளகி ஊட்டும் பதத்துக்கு வந்துவிடும். சத்து அப்படியே இருக்கும். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாசும் அவருடைய குழுவும் 1980-களில் இதை அறிவியல் முறையில் நிறுவினார்கள். முளைகட்டும்போது, இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைடேட்டும் குறைகிறது. பணம் செலவில்லாத இந்த வழி தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லப்படாமல் ஆய்வேடுகளிலேயே தங்கிவிட்டது. அந்தக் கூழின்மேல் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் இன்னும் 40 கிலோகலோரி சேரும்.

இரும்புக்கு மட்டும் சமையலறையில் எளிய வழி இல்லை. பிறக்கும்போது கல்லீரலில் சேமித்து வந்த இரும்பு ஆறாம் மாதவாக்கில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டிய இரும்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளி உணவிலிருந்துதான் வர வேண்டும். கேழ்வரகில் இரும்பு அள்ளிக் கிடக்கிறது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. 100 கிராம் கேழ்வரகில் இருப்பது 5 மி.கி.க்கும் குறைவு. அதிலும் சிறு பகுதியே உடலில் சேரும். கேழ்வரகின் உண்மையான பெருமை அதன் கால்சியம். ஈரல், முட்டை, மீன் என்று நாள்தோறும் ஊட்ட முடிந்த வீட்டில் கவலை குறைவு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது நடக்காது. செறிவூட்டிய மாவின் அவசியம் இங்கேதான் வருகிறது. வீட்டுச் சமையல் தர முடியாத இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ ஆகியவற்றை அது தருகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. வளர்ந்த மாநிலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது இந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாவுக்குப் பதிலாக நிலக்கடலை விழுது என்ற எண்ணம் பிரான்சில் 1990-களில் உருவானது. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கான மருந்தாகப் பிறந்த அந்த விழுதைச் சிறு அளவில், நாளொன்றுக்கு 20 கிராம், நலமான குழந்தைகளுக்கும் தடுப்பாகக் கொடுக்கலாமா என்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல ஆய்வுகள் நடந்தன. கானாவில் கொஃபோரிடுவா பகுதியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், விழுது சாப்பிட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ஒரு வயதுக்குள் தானாக நடந்தார்கள். எதுவும் பெறாத குழந்தைகளில் கால்வாசிப் பேரே நடந்தார்கள். மலாவியில் மங்கோச்சி மாவட்டத்தில் 10, 20, 40 கிராம் என்று கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தும் உயரம் அசையவே இல்லை. ஒரே பொருள், ஒரு நாட்டில் பலன், இன்னொரு நாட்டில் இல்லை. பிறகு ஒன்பது நாடுகளின் 14 ஆய்வுகளை, 37,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். வயதுக்கேற்ற உயரமின்மை 12 விழுக்காடும் மெலிவு 14 விழுக்காடும் குறைந்திருந்தன. இரும்புக் குறைவால் வரும் சோகை 64 விழுக்காடு குறைந்திருந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளின் இறப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது.

உயரம் இவ்வளவு கஞ்சத்தனமாகக் கூடுவது ஏன்? ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது. குறைந்த எடையில் பிறந்த குழந்தை பின்தங்கியே ஓட்டத்தைத் தொடங்குகிறது. இன்னொரு பகுதி குடலில் இருக்கிறது. மலம் கலந்த மண்ணில் தவழ்ந்து, விரலை வாயில் வைத்து வளரும் குழந்தையின் சிறுகுடலில் உணவை உறிஞ்சும் இழைகள் மழுங்கிப்போகின்றன. ஓயாத அழற்சி வளர்ச்சிச் சுரப்பை அடக்கிவிடுகிறது. அப்படியானால் கழிப்பறையும் கைகழுவும் சோப்பும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் மாபெரும் ஆய்வுகள் செய்தார்கள். உணவு கொடுத்த ஊர்களில் உயரம் சற்றுக் கூடியது. கழிப்பறை மட்டும் கொடுத்த ஊர்களில் கூடவில்லை. இதை வைத்துச் சுகாதாரம் தேவையில்லை என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. வீட்டுக்கு ஒரு கழிப்பறைக் குழியும் ஒரு சோப்பும் போதவில்லை என்பதைத்தான் அந்த ஆய்வுகள் காட்டின. குழாயில் வரும் நல்ல தண்ணீரும், கோழியும் கழிவும் இல்லாத தவழும் இடமும் வேண்டும். நம் நகரத்துப் பிள்ளைகளுக்கு இருப்பது கிராமத்துப் பிள்ளைக்கும் வேண்டும்.

செறிவூட்டிய மாவுப் பொட்டலமே இல்லாமல் குழந்தையை வளர்க்க முடியாதா என்றும் கேட்க வேண்டும். பெருவில் துருஹிலோ நகரத்து ஏழைப் பகுதியில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. உணவு எதுவும் இலவசமாகக் கொடுக்கவில்லை. சுகாதார நிலையத்துக்கு வந்த தாய்மார்களிடம் எல்லாப் பணியாளர்களும் மூன்றே செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கெட்டியான மசியலை முதலில் ஊட்டுங்கள், சூப்பு போதாது. கோழி ஈரலோ முட்டையோ மீனோ தினமும் சிறிது கொடுங்கள். பொறுமையாக, கொஞ்சிப் பேசி ஊட்டுங்கள். பதினெட்டு மாதத்தில் உயரம் குன்றிய குழந்தைகள் அங்கே 5 விழுக்காடு, மற்ற பகுதிகளில் 16 விழுக்காடு. வாங்கும் சக்தி ஓரளவு இருந்த இடம் அது என்பதை மறக்கக் கூடாது. ஈரல் வாங்கக் காசு இல்லாத வீட்டில் அறிவுரை மட்டும் சொல்வது கொடுமை. ஆனாலும் நம் அங்கன்வாடிகள் கொடுக்கும் சத்துமாவுப் பொட்டலத்தோடு இந்த மூன்று செய்திகள் போய்ச் சேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் புகழை உலகம் அறியும். அது பள்ளிப் பிள்ளைக்கும் பால்வாடிக்கு நடந்து வரத் தெரிந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த அந்தத் திட்டத்தின் கண் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தையின் மேல் மட்டுமே இருந்தது. ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், மாவும் பயறும் வெல்லமும் வைட்டமினும் சேர்த்த உருண்டையை 90 நாள் மையத்திலேயே வைத்து ஊட்டினார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். ஏறவில்லை என்றால் நோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவத்துக்கு அனுப்பினார்கள். உருண்டையைப் பல ஊர்களில் உள்ளூர்ப் பெண்கள் குழுவே பிடித்தது. எண்பதுகளின் இறுதிக்குள் மாநிலத்தின் ஊராட்சி ஒன்றியங்களில் ஏறத்தாழ பாதியை அந்தத் திட்டம் எட்டியது. கடுமையான ஊட்டக்குறைவு அங்கே வெகுவாகக் குறைந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்காக இந்தியாவில் செய்யப்பட்ட மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று அது என்பது என் தீர்ப்பு. நம்மவர்களே அதை மறந்துவிட்டோம்.

இன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியிருக்கிறது. இது பெரிய வெற்றி. ஆனால் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். அங்கன்வாடித் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் நாள் ஒன்றுக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்ற ஒரே அளவுகோலை 2009 முதல் பின்பற்றி வந்தோம். 500 கிலோகலோரி என்றால் ஏறத்தாழ 125 கிராம் மாவு. ஏழு மாதக் குழந்தைக்குத் தேவையே 200. அதிலும் வீட்டு இட்லியும் சோறும் கொஞ்சம் உண்டு. அந்தக் குழந்தை நாளொன்றுக்கு 30 கிராம் மாவு சாப்பிட்டால் பெரிய விஷயம். 125 கிராமைக் கணக்கிட்டு அதில் இரும்பும் துத்தநாகமும் கலந்திருந்தால், 30 கிராம் சாப்பிடும் குழந்தைக்குப் போய்ச் சேர்வது கால்பங்கு. மீதி மாவு அக்காவுக்கும் அண்ணனுக்கும் போகும், அதற்கும் மேல் மிஞ்சினால் மாட்டுத் தொட்டிக்குப் போகும். தாய் அலட்சியமானவள் என்று இதற்கு விளக்கம் சொல்கிறோம். தாயின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை. தையற்காரர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குத் தொளதொளவென்று இருக்கிறதே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதைப் போன்றது அது.

ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்குத் தனிப் பொட்டலம் வேண்டும். சிறியதாக இருக்கட்டும். ஒரு நாளைக்குரிய 25 அல்லது 30 கிராமில் அந்த வயதுக்கு வேண்டிய நுண்சத்து முழுவதும் அடங்கட்டும். முளைகட்டிய கேழ்வரகு அடிப்படையாக இருக்கட்டும். பால்பொடியோ நிலக்கடலையோ எண்ணெயோ சேரட்டும். வெல்லத்தைக் குறைக்க வேண்டும். முதல் வயதிலேயே நாக்கை இனிப்புக்குப் பழக்கினால் கீரையும் பருப்பும் பிறகு இறங்காது. இரும்பைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதும் ஆபத்து. மலேரியா மிகுந்த தான்சானியாவின் பெம்பா தீவில் சோகையைப் பார்க்காமலேயே எல்லாக் குழந்தைக்கும் இரும்பு மருந்து கொடுத்தபோது கடும் நோயும் இறப்பும் கூடியதை 2006-இல் உலகம் பார்த்தது. உணவில் கலந்த சிறு அளவு இரும்பு வேறு, மருந்தாக ஒரே விழுங்கில் கொடுக்கும் இரும்பு வேறு. அளவைத் தீர்மானிப்பது வல்லுநர்களின் வேலை. அதை ஏழு மாதக் குழந்தையின் வயிற்றை வைத்துத் தீர்மானியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பொட்டலத்தைவிட முக்கியம் அதோடு வீட்டுக்குப் போகும் மனிதர். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அன்றைய ஆந்திரத்தின் 60 கிராமங்களில் செய்த ஆய்வில், வீடு தேடிப் போய் எதை ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகள் சாப்பிடும் அளவு கூடியது. குழந்தையின் பசிக்குறிப்பைப் பார்த்து, பேசி, விளையாடி ஊட்டக் கற்றுக்கொண்ட வீடுகளில் குழந்தைகளின் மனவளர்ச்சி மேம்பட்டது. நம் அங்கன்வாடி டீச்சருக்கு இதற்கு நேரம் கிடைக்கிறதா? முன்பருவக் கல்வி, சமையல், பதிவேடுகள், கைப்பேசியில் பதிவேற்றம், கணக்கெடுப்பு, தேர்தல் பணி எல்லாம் ஒருவர் தலையில். கொட்டாம்பட்டித் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே தனியாக ஓர் ஊழியர் இருந்தார். அந்த ஏற்பாடு வென்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

கடைகளில் கிடைக்கும் குழந்தை உணவு டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992-இல் வந்து 2003-இல் வலுப்படுத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. ஆறு மாதக் குழந்தையோடு வரும் ஏழைத் தாயிடம் டப்பாவின் பெயரை எழுதிக் கொடுக்காதீர்கள் என்று இங்கிருக்கும் மருத்துவ மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாயின் இரண்டு நாள் கூலி அதில் போகும். நான்கு நாளுக்கு வருவதற்காக அதைத் தண்ணீர் போலக் கரைத்துக் கொடுப்பார்.

தேசியக் குடும்பநல ஆய்வின் அதே ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாக இருந்தார்கள். இந்திய அளவில் 35-க்கும் மேல். இந்த எண்ணை வைத்து மட்டும் சத்துமாவுத் திட்டத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்காதீர்கள் என்று ஆட்சியாளர்களையும் இதழாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சோகை குறைந்ததா, எடை மாதம் மாதம் ஏறுகிறதா, குழந்தை உரிய காலத்தில் நடக்கிறதா, பேசுகிறதா, இரண்டாம் பிறந்தநாளைப் பார்க்கிறதா என்று கேளுங்கள்.

அரசுக்கு என் வேண்டுகோள் இரண்டு: ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் பொட்டலம், அந்தக் குழந்தைக்கென்று ஊருக்கு ஒரு தனி ஊழியர். மாணவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை களப்பணிக்குப் போகும்போது, அங்கன்வாடியில் பாட்டுப் பாடிக் காட்டும் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஏழிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கிண்ணத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு கெட்டி, குழந்தை எத்தனை வாய் வாங்கியது, யார் ஊட்டினார்கள் என்று எழுதி, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.